ஒண்ணாம் நம்பர் பட்டன்

ஈரோட்டுல இருந்தா வர்றீங்க? உட்காருங்க, மொதல்ல டீ குடிங்க. வண்டி எங்கயும் போயிராது. எட்டு மாசமா இந்த ஷெட்டுலதான் நிக்குது. நிக்குதுன்னு சொன்னா பூங்கொடி சண்டைக்கு வருவா. பூங்கொடி எம் வீட்டுக்காரி. நிக்கற வண்டியில எப்படிங்க ஒம்பதாயிரம் கிலோமீட்டர் கூடும்னு கேப்பா. ட்ரையல் பாக்கறேன்னு சொல்லி வச்சிருக்கறேன். பெரிய வண்டிங்க, ட்ரையல் பாக்காம எப்படி ஒருத்தர் தலையில கட்டறது?

எம் பேரு போர்டுல பாத்திருப்பீங்க, பொங்கியண்ணன். அவிநாசி ரோட்டுல மீட்டர் பொங்கியண்ணன்னு கேட்டாத்தான் தெரியும். இதா, இந்த மீட்டர்தான். தகரத்து மேல வச்சா பெயிண்ட் கனத்தைச் சொல்லிரும். கம்பெனிப் பெயிண்டு நூத்திப் பத்து, நூத்தி இருவது காட்டும். எரநூறைத் தாண்டுச்சுன்னா அடிபட்டு, பட்டி பாத்து, மேல பூசியிருக்காங்கன்னு அர்த்தம். முப்பது வருசமா பழைய வண்டிக்கு மதிப்புப் போடறதுதான் என்ற தொழிலு. மீட்டரு வர்றதுக்கு முன்னால வெரல்ல தட்டியே சொல்லிப்போடுவேன். இப்பவும் சொல்லுவேன், ஆனா வாங்கறவங்களுக்கு நம்பரைக் காட்டோணும்.

கொஞ்சம் இருங்க, கையை உதறிக்கறேன். எடது கை மரத்து மரத்துப் போயிருது. அந்த வண்டியில நடுவால ஒரு கைத்தாங்கி இருக்குதுங்க, அதுல ஊனி ஊனியே ஓட்டிப் பழகிருச்சு. வேற ஒண்ணுமில்ல.

சரி, வண்டிக்கு வாரேன். வேகன்னு சொல்லுவாங்க. முன்னால பாத்தா காருதான். பின்னால மட்டும் கூரையை அப்படியே டிக்கி வரைக்கும் நீட்டி விட்டிருக்கும். நீளமாத் தெரியுமே ஒழிய ஓட்டறதுக்கு லேசான வண்டி, டவுன்ஹால் சந்துல கூட ஒரே ஒடிப்புல திருப்பிருவேன். நாலு சக்கரமும் இழுக்கும். மழையில கோத்தகிரி மண்ணு ரோட்டுல ஏத்திப் பாத்தேன், ஒரு சக்கரம் கூட வழுக்கல. இந்த மாதிரி வண்டியில நாலு டயரும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கோணும், அது தெரியுங்களா? சில புத்திசாலிங்க முன்னால ரெண்டை மட்டும் புதுசா மாத்துவாங்க. சக்கரம் ஒண்ணுக்கொண்ணு இழுத்துக்கிட்டு, அடியில இருக்கற கியர் பெட்டி போயிரும். இதுல நாலும் ஒண்ணு போலத் தேஞ்சிருந்துது. அப்பவே நெனச்சேன், ஓட்டினவரு வெவரமான ஆளுதான்னு.

ஓட்டினவரு பேரு அர்த்தநாரி. நான் அவரைப் பாத்ததில்லீங்க. நான் போனப்ப அவரு போயி மூணு மாசம் ஆயிருந்துது. வடவள்ளியில வீடு. அந்தம்மா சாரதாமணி, காலேஜுல கணக்குச் சொல்லிக் கொடுத்து ரிட்டயர் ஆனவிங்க. போன ஆவணி மாசம் போன் பண்ணினாங்க. வண்டிய வந்து பாத்து ஒரு மதிப்புச் சொல்ல முடியுங்களா, விக்கறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணலைன்னாங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. முடிவு பண்ணாதவிங்க எவிங்களும் எனக்குப் போன் பண்ண மாட்டாங்க. அப்படித்தான் நான் நெனச்சேன்.

ஒரு மணி நேரம் பாத்தனுங்க. சீட் பெல்ட்டை முழுசா உருவிப் பாத்தேன், தண்ணியில முங்குன வண்டின்னா பெல்ட்டு அடியில சேத்துக்கோடு இருக்கும். இல்ல. ஸ்டெப்னி வைக்கற குழியில மூக்கை விட்டு மோந்து பாத்தேன். யூகலிப்டஸ் எலை ரெண்டு கெடந்துது, அந்த வாசந்தான். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு வட்டம் அடிச்சேன், ஒரு சத்தம் இல்ல. எடது பக்கம் பின் கதவுல மட்டும் மீட்டரு எரநூத்தி நாப்பது காட்டுச்சு. கேட்டதுக்கு, அது நான் இடிச்சது, கேட்டுல, அவரு திட்டவே இல்லைன்னாங்க. நான் நோட்டுல எழுதிக்கிட்டேன்.

வெலையைக் கொறைச்சுச் சொல்றதுக்கு ஒரு காரணம் வேணுமில்லீங்களா? தொழிலு அது. கெட்ட வண்டின்னா காரணம் கெடைக்கும். இதுல கெடைக்கல. அதனால எப்பவும் சொல்றதைச் சொன்னேன். “அம்மா, வண்டி தங்கமுங்க. ஆனா இப்படிப் பின்னால நீண்டிருந்தா நம்ம ஊர்ல பொணவண்டின்னு சொல்லுவாங்க. வாங்க ஆளு வராது.”

அவிங்க என்னை நிமிந்து பாத்தாங்க. “அப்படியும் ஒரு நாள் ஆயிருக்குங்க,” ன்னாங்க.

எனக்கு அப்ப வெளங்கல. ஏதோ ஒத்துக்கறாங்க, வெலை படிஞ்சிரும்னு நெனச்சேன். நீங்க ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? எனக்கு எப்படித் தெரியும்? தகரத்துலயா எழுதியிருந்துது?

இனிமேதான் வெசயமே. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மூணு பட்டன் இருக்குது. அவங்கவங்க உசரத்துக்குச் சீட்டை வச்சு ஒரு நம்பர்ல போட்டுட்டா, மறுக்கா பட்டனை அமுக்கினாப் போதும். சீட்டு அதுவா பின்னால போயி, கீழ எறங்கி, சாஞ்சு நிக்கும். வெளிய இருக்கற கண்ணாடியும் அதுக்குத் தகுந்தாப்புல திரும்பிக்கும். நான் ஏறினப்ப சீட்டு எங்கயோ பின்னால கெடந்துது. பிரேக்குக்குக் காலு எட்டல. நான் அஞ்சடி நாலு அங்குலம். முன்னால இழுத்துப் போட்டுத்தான் ஓட்டினேன்.

என்ற பழக்கம் ஒண்ணு சொல்றேன். மதிப்புப் போட்டு முடிச்சதும் வண்டியக் குளிப்பாட்டிருவேன். தண்ணி ஊத்தியில்ல. அதுல ஏறியிருக்கற போன் நம்பரு, வீட்டு விலாசம், கேட்ட பாட்டு, சீட்டு வச்ச அளவு, எல்லாத்தையும் அழிச்சு கம்பெனியில இருந்து வந்த மாதிரி ஆக்கிருவேன். அவினாசிலிங்கமோ ஆறுமுகமோ, எவன் வித்தாலும் சரி, ரெண்டாவது ஆளு ஏறும்போது மொத ஆளு உள்ள உட்கார்ந்திருக்கக் கூடாதுங்க. வேற புரோக்கரு எவனும் இதைச் செய்ய மாட்டான். நான் காசு கூட வாங்கறதில்ல. அன்னைக்கும் செஞ்சேன். வித்துருவாங்கன்னு எனக்கு உறுதியாத் தெரிஞ்சுது, முன்கூட்டியே செஞ்சுபோட்டேன்.

அந்தம்மா எனக்குக் காபி கொண்டாந்து போர்ட்டிகோ செவுத்து மேல வச்சாங்க. அவிங்க டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு, செருப்பைக் கழட்டிப்போட்டு, எடது பக்கச் சீட்டுல ஏறி உட்கார்ந்தாங்க. செருப்பைக் கழட்டறதைப் பாத்து எனக்குச் சந்தோசம், நல்லா வச்சுப் பொழங்கியிருக்காங்கன்னு. அங்கிருந்து எக்கி, டிரைவர் சீட்டுப் பக்கம் கையை நீட்டி, ஒண்ணை அமுக்கினாங்க.

சீட்டு அசையல.

மறுக்காவும் அமுக்கினாங்க. மூணாவது தடவை அமுத்திப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. நான் ஜன்னல் பக்கம் போயி, பெருமையாத்தான் சொன்னேன், எல்லாத்தையும் அழிச்சுட்டனுங்கம்மா, வண்டி இப்பப் புதுசு மாதிரின்னு.

கையை எடுத்துட்டாங்க. காலிச் சீட்டைப் பாத்தாங்க. அப்புறம், “அது அவரு உட்கார்ற எடமுங்க,” ன்னாங்க.

அழுகலீங்க. கத்தவும் இல்ல. கத்தியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், மன்னிப்புக் கேட்டிருப்பேன், அதோட போயிருக்கும். வகுப்புல பாடம் சொல்ற மாதிரி அமைதியாச் சொன்னாங்க. தெனமும் காலையில பட்டனை அமுக்கிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்து காபி குடிப்பேன், சீட்டு பின்னால போயி எறங்கறப்ப அவரு வந்து உட்கார்ற மாதிரியே இருக்கும், வண்டி எனக்கு வேண்டாங்க, அது ஒண்ணுதான் வேணும்னு இருந்துது. அவ்வளவுதான் சொன்னாங்க. எறங்கி உள்ள போயி ரெண்டு சாவியும் எடுத்துட்டு வந்தாங்க. எடுத்துட்டுப் போங்க, நீங்க சொன்ன வெலையே போதும்னாங்க.

பேரம் பேசவே இல்ல. அதுக்கு நான் என்னங்க பண்றது? நான் இன்னும் கொஞ்சம் ஏத்தித் தாறேன்னு சொன்னேன். வேண்டாம்னுட்டாங்க.

பேப்பர்ல கையெழுத்துப் போடறப்பத்தான் மிச்சத்தையும் சொன்னாங்க. கோத்தகிரிக்கு அந்தாண்ட அவிங்களுக்கு ரெண்டு ஏக்கர் தேயிலை. போன வைகாசியில ஒரு மத்தியானம் தோட்டத்துல நின்னுட்டிருந்தவரு, நெஞ்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்துட்டாரு. ஆம்புலன்ஸ் அந்த மண்ணு ரோட்டுல ஏறாது. பின் சீட்டை மடக்கி, தோட்டத்து ஆளுக ரெண்டு பேரு தூக்கிப் படுக்க வச்சிருக்காங்க. ஆறடி ஒரு அங்குலம் ஆளு. மத்த வண்டின்னா காலை நீட்ட முடியாது, இதுல நீட்டிப் படுத்தாருன்னு சொன்னாங்க. இந்தம்மாதான் ஓட்டியிருக்காங்க. ரெண்டாம் நம்பரு அவிங்களோடது, அதை அமுக்கோணும்னு கூடத் தோணலை. அவரு சீட்டுல, நுனியில உட்கார்ந்து, கால் வெரல்ல பிரேக்கை மிதிச்சே மலை எறங்கியிருக்காங்க. மேட்டுப்பாளையத்துல டாக்டரு வண்டிகிட்டயே வந்து, பின்கதவைத் தொறந்து பாத்து, அங்கயே சொல்லிட்டாரு.

நான் அவிங்ககிட்டத்தான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கறேன். பொணவண்டின்னு.

அதுல இருந்து எனக்கு மனசு சரியில்லீங்க, ஒளிச்சு என்ன ஆகப் போகுது. சோறு எறங்கல. எத்தனை வண்டிய அழிச்சிருப்பேன் முப்பது வருசத்துல, ஒருத்தர் ஒண்ணு சொன்னதில்ல. பட்டனை அமுக்கிட்டு நின்ன அந்தக் கை மட்டும் கண்ணுலயே நிக்குது. மொதல்ல கம்பெனி சர்வீஸ்ல கேட்டுப் பாத்தேன், அழிச்சது அழிச்சதுதான், திரும்பி வராதுன்னுட்டாங்க. அப்பத்தான் யோசிச்சேன். சீட்டு மறந்தா என்ன, வண்டி மறக்காதில்ல? ஒரு மனுசன் ஆறு வருசம் உட்கார்ந்த எடத்துல தேய்மானம் இருக்கும். தேய்மானத்தைப் படிக்கறதுதானுங்க என்ற தொழிலு. அர்த்தநாரியக் கண்டுபிடிச்சு ஒண்ணாம் நம்பர்ல உட்கார வச்சு, அந்தம்மாகிட்டக் கொண்டு போயி விட்டுரலாம்னு முடிவு பண்ணினேன்.

மிதியடியில குதிகால் பட்ட பள்ளம் பாத்தேன். தலை சாய்க்கற எடத்துல எண்ணெய்க் கறை பாத்தேன். ஸ்டியரிங்ல எந்த எடம் வழவழன்னு இருக்குதுன்னு தடவிப் பாத்தேன். சீட்டை அரை அங்குலம் நகத்துவேன், பத்து மைல் ஓட்டுவேன், மறுக்கா நகத்துவேன். அன்னன்னைக்கு வந்த அளவை ஒண்ணாம் நம்பர்ல போட்டு வைப்பேன். வாரம் ஒருக்கா கோத்தகிரி, அவரு போன ரோட்டுலயே. அவரு உட்கார்ந்த மாதிரி உட்காரோணும், அவரு கையை வச்ச எடத்துல வைக்கோணும், அப்பத்தான் தெரியும். வாங்க வந்தவிங்க ஏழெட்டுப் பேரைத் திருப்பி அனுப்பிட்டேன், வேலை இருக்குதுன்னு.

காலையில ஷெட்டைத் தொறந்ததும் மொத வேலை அதுதான். கதவைத் தொறந்து, சீட்டை முன்னால இழுத்து விட்டுட்டு, வெளிய நின்னுக்கிட்டு ஒண்ணை அமுக்குவேன். ஆளில்லாத சீட்டு மெதுவாப் பின்னால போகும், எறங்கும், சாயும். கண்ணாடி ரெண்டும் திரும்பி என்னைப் பாக்கும். மொத மொத பாத்தப்ப மயிர் குத்திட்டு நின்னுதுங்க. யாரோ பெருமூச்சு விட்டு உட்கார்ற மாதிரியே இருக்குது. ஒரு நாள் பூங்கொடி சாப்பாடு கொண்டாந்தவ பின்னால நின்னு பாத்துட்டா. தெனமும் யாரைங்க உட்கார வைக்கறீங்கன்னு கேட்டா. அவகிட்ட என்னன்னு சொல்றது? அன்னைக்கு இருந்து அவ அந்த வண்டியில ஏற மாட்டேங்கறா. நாளைக்கு உங்களோடதுன்னு நான் வச்சுக்க என்னங்க இருக்குது, ஒரு மீட்டரு, ஒரு டார்ச்சு லைட்டுன்னு முணுமுணுத்துட்டே போனா. பொம்பளைக எதையாவது சொல்லிட்டுத்தான் இருப்பாங்க.

அப்படியே போயிட்டிருக்கறப்ப, போன மாசி மாசக் கடைசியில ஒரு நாள் படிஞ்சுருச்சுங்க. ஏறி உட்கார்றேன், அப்படியே வாங்கிக்குது. முதுகு பொருந்துது, காலு பொருந்துது, குதிகாலு போயிப் பள்ளத்துல உட்காருது. கையைக் கொண்டு போயி வைக்கவே வேண்டாம், அதுவாப் போகுது. கிடைச்சுட்டாரு அர்த்தநாரின்னு கண்ணுல தண்ணி வந்துருச்சு. அழுத்தி ஒண்ணாம் நம்பர்ல போட்டேன். மக்கா நாளு விடிஞ்சதுமே வடவள்ளிக்குக் கெளம்பிட்டேன்.

அந்தம்மா வெளிய வந்தாங்க. எளைச்சிருந்தாங்க. வெசயத்தைச் சொன்னதும் உள்ள போனாங்க, திரும்பி வர்றப்ப கையில காபி டம்ளரு. எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு. செருப்பைக் கழட்டிப்போட்டு எடது பக்கம் ஏறினாங்க. சீட்டை முன்னால இழுத்து விட்டுட்டு, நீங்களே அமுக்குங்கம்மான்னேன். எக்கி அமுக்கினாங்க.

சீட்டு போச்சுங்க. பின்னால போச்சு, எறங்குச்சு, சாஞ்சுது, நின்னுது. அவிங்க பாத்துட்டே இருந்தாங்க. காபி ஆறிப் போயி ஆடை கட்டிருச்சு, ஒரு வாய் குடிக்கல. நான் வெளிய வெய்யில்ல நிக்கறேன், பரிச்சை எழுதிட்டு நிக்கற பையனாட்டம்.

அப்புறம் சொன்னாங்க. “இது அவரு இல்லீங்க. இது நீங்க.”

எனக்குப் புரியலைங்க. குதிகால் பள்ளத்தைக் காட்டினேன், எண்ணெய்க் கறையைக் காட்டினேன். ஒம்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கறீங்க, பள்ளம் யாருதா இருக்கும்னாங்க. அவரு இந்தப் பள்ளத்துல காலை வச்சா முழங்காலு ஸ்டியரிங்ல இடிக்கும்னாங்க. கணக்கு டீச்சரில்லீங்களா. முப்பது வருசம் தேய்மானம் பாத்தவன்கிட்ட தேய்மானம் யாருதுன்னு சொல்லிக் கொடுக்கறாங்க. நான் ஒத்துக்கல. இப்பவும் முழுசா ஒத்துக்கலைன்னு வைங்க. கொஞ்சம் அவரும் இருப்பாரில்ல? எல்லாமா போயிருக்கும்?

அப்புறம் ஒண்ணு கேட்டாங்க. தோளை ஏன் தேய்ச்சுட்டே இருக்கறீங்கன்னு. நான் தேய்க்கறதே எனக்குத் தெரியல. ஏசி காத்துங்கம்மா, நேரா வந்து அடிக்குதுன்னேன். அவிங்க மொகம் மாறிப்போச்சு.

“அவரும் ஏசி காத்துன்னுதான் சொன்னாரு,” ன்னாங்க. “ஒரு மாசம் அதையேதான் சொன்னாரு. நானும் ஏசியக் கொறைச்சு வச்சேன்.”

எறங்கிப் போயி ஒரு துண்டுச் சீட்டுல டாக்டரு பேரும் நம்பரும் எழுதிக் கொடுத்தாங்க, இன்னைக்கே போங்கன்னு. அது வண்டி பேப்பரோட முன் டப்பாவுலதான் இருக்குது. இன்சூரன்ஸ், புகைச் சர்டிபிகேட் எல்லாம் பாக்கறப்ப அது வந்தா மட்டும் எடுத்து இப்படி வச்சிருங்க. போவேன், போகாம என்ன. வண்டிய ஒருத்தர் கையில முடிச்சுக் கொடுத்துட்டுப் போவேன். எனக்கு ஒண்ணுமில்லீங்க, நேத்துக் கூட ஜாக்கியப் போட்டு இந்தப் பெரிய வண்டியத் தனியாத் தூக்கினேன். கொஞ்சம் வேர்த்துது. சித்திரை வெய்யில்ல யாருக்கு வேர்க்காது?

கெளம்பறப்ப ஜன்னலண்டை வந்து நின்னாங்க. இதை அழிச்சுப்போடாதீங்க, உங்க வீட்டம்மாகிட்ட எந்தப் பட்டன்னு காட்டி வைங்கன்னாங்க. பூங்கொடிக்கு எதுக்குங்க? நான்தான் கல்லாட்டம் இருக்கறேனே. வழியெல்லாம் யோசிச்சுட்டே வந்தேன். வந்து, இதா, இந்த எடத்துல நிறுத்தினேன். அப்புறம் எடுக்கவே இல்ல.

டீ ஆறிப்போச்சு பாருங்க, பேச்சுவாக்குல. வாங்க, ஏறி உட்காருங்க. வண்டியில எந்தக் கொறையும் இல்ல. எடது பின் கதவு ஒண்ணுதான் பெயிண்ட் அடிச்சது, அதைச் சொல்லிட்டேன். வெலை நீங்களே சொல்லுங்க, நான் மறுத்துப் பேச மாட்டேன். சாவி இதா. பிரேக்குக்குக் காலு எட்டுதுங்களா? ரெண்டாம் நம்பரும் மூணாம் நம்பரும் காலியா இருக்குது, உங்களுக்கு ஒண்ணு, உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணு போட்டுக்கங்க. இந்தத் தடவை நான் குளிப்பாட்டல. ஒண்ணாம் நம்பரை மட்டும் அப்படியே விட்டுருங்க. வேற எதுவும் கேக்கலீங்க.

எப்பவாவது ஒரு நாள் பூங்கொடி ஈரோட்டுக்கு பஸ் ஏறி, வெலாசம் விசாரிச்சு உங்க வீட்டுக்கு வந்தான்னா, என்ன ஏதுன்னு கேக்காதீங்க. கதவைத் தொறந்து, எடது பக்கம் உட்கார வச்சு, ஒரு வாய் காபி கொடுங்க. பட்டன் கிட்டன் எல்லாம் அவளுக்குத் தெரியாது. நீங்களே அமுக்கி விட்டுருங்க.